அத்தியாயம் 6: ஜின்ஃபண்டெல் – ஒரே குலையில் காயும் பழமும் வற்றலும்

செப்டம்பர் மாதம், கலிஃபோர்னியாவின் லோடை நகரை ஒட்டிய ஒரு தோட்டம். பந்தலோ கம்பியோ இல்லாமல், முறுக்கேறிய தடித்த அடிமரத்தோடு இடுப்புயரத்தில் புதர் போல் நிற்கும் பழைய கொடி. அதிலிருந்து ஒரு குலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பிரித்தால், தோளில் நான்கைந்து பழம் சுருங்கி வற்றலாகியிருக்கும். நடுவில் கருநீலப் பழங்கள் சாறு ததும்பி நிற்கும். அடியில் செங்காய் சில. உள்ளே நெருக்கத்தில் பச்சைக் காய்கூட ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். இதுதான் ஜின்ஃபண்டெல். மற்ற சிவப்பு ஒயின் திராட்சைகள் ஏறக்குறைய ஒன்றாகப் பழுக்கும்போது, இது மட்டும் ஒரே குலைக்குள் மூன்று பருவத்தையும் வைத்திருக்கும்.

வீட்டில் இந்தத் திராட்சையை வைத்து ஒயின் செய்ய நினைப்பவர் மனதில் வைக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். சர்க்கரையை எப்போது அளப்பது, தண்ணீர் சேர்ப்பதா வேண்டாமா, எந்த ஈஸ்ட், எப்போது பிழிவது என இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு முடிவும் அந்தக் குலையிலிருந்துதான் தொடங்குகிறது.

கொடி வந்த வழி

1820களில் நியூயார்க்கின் லாங் ஐலண்டைச் சேர்ந்த ஜார்ஜ் கிப்ஸ், வியன்னாவின் அரச நாற்றங்காலிலிருந்து வரவழைத்த கொடிகளோடு இது அமெரிக்கா வந்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாஸ்டன் பக்கம் கண்ணாடிக் குடில்களில் உண்ணும் பழமாக வளர்ந்து, தங்கவேட்டைக் காலத்தை ஒட்டி 1850களில் கலிஃபோர்னியாவுக்குப் போனது. அதன் பூர்வீகம் வெகுகாலம் புதிராக இருந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கேரல் மெரிடித், குரோஷிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து தேடி, 2001இல் விடை கண்டார். குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகருக்கு அருகே ஒரு தோட்டத்தில் எஞ்சியிருந்த 'த்ஸெர்ல்யெனாக் கஷ்டெலான்ஸ்கி' என்ற கொடியின் டி.என்.ஏ.வும் ஜின்ஃபண்டெலின் டி.என்.ஏ.வும் ஒன்றே. தென் இத்தாலியின் புல்யா பகுதியில் வளரும் ப்ரிமிடீவோவும் இதே ரகம்தான்.

வீட்டு ஒயினுக்கும் இந்தத் திராட்சைக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, வீட்டு உபயோகத்துக்குப் பழச்சாறு தயாரிக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. லோடையிலிருந்து ரயில் பெட்டி பெட்டியாகத் திராட்சை சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் போனது. அதில் தடித்த தோலுள்ள அலிகான்டே பூஷே என்ற ரகம் பயணத்தைத் தாங்கியது. மெல்லிய தோலுள்ள ஜின்ஃபண்டெல் வழியிலேயே நசுங்கியது. இன்றைக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்: பறித்த அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

முதலில் சட்டம்

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 காலன் வரை சொந்த உபயோகத்துக்கு ஒயின் செய்யலாம். விற்கக் கூடாது. உரிமம் இல்லாமல் காய்ச்சி வடித்தால் எவ்வளவு சிறிய அளவானாலும் குற்றம். மாநில விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். எனவே இந்தச் செய்முறை, சட்டம் அனுமதிக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும்.

தேவையானவை (45 கிலோ பழத்துக்கு)

45 கிலோ, அதாவது 100 பவுண்டு பழத்தை நசுக்கினால் தோலும் சாறுமாகச் சுமார் 40 லிட்டர் கூழ் வரும். அதில் சாறு 30 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வண்டல் கழிந்து கடைசியில் கையில் நிற்பது 23 லிட்டர் அளவு, அதாவது ஏறக்குறைய 30 பாட்டில்.

- உணவுத் தரமுள்ள பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, 70 லிட்டருக்குக் குறையாமல்
- 19 லிட்டர் கண்ணாடிக் கார்பாய் (குறுகிய கழுத்துள்ள பெரிய ஜாடி) ஒன்று, 4 லிட்டர் ஜாடி ஒன்று, இரண்டுக்கும் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி)
- ஹைட்ரோமீட்டர், வெப்பமானி, பி.எச். அளவி
- 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு
- பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட், டார்டாரிக் அமிலம், ஈஸ்ட், ஈஸ்ட் ஊட்டச்சத்து, மாலோலாக்டிக் பாக்டீரியா
- கூடைப் பிழிபொறி (ஒயின் பொருட்கள் விற்கும் கடைகளில் பெரும்பாலும் வாடகைக்குக் கிடைக்கும்)
- சைஃபன் குழாய்

இரும்பு, செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள் ஆகாது. திராட்சை அமிலம் அவற்றை அரித்து ஒயினில் கலந்துவிடும். எவர்சில்வர் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

முதல் நாள்: பொறுக்குவதும் நசுக்குவதும்

1. குலைகளை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பவும். ஜின்ஃபண்டெல் குலை நெருக்கமானது, தோலும் மெல்லியது. ஒரு பழம் வெடித்தால் சாறு உள்ளேயே வழிந்து அழுகல் பரவும். வெளியே பளபளப்பாக இருக்கும் குலையையும் நடுவில் விரலால் பிரித்துப் பார்க்கவும். வினிகர் வாடையோ சாம்பல் நிறப் பூஞ்சையோ இருந்தால் அந்தப் பகுதியைக் கிள்ளி எறியவும்.

2. முழுப் பச்சைக் குலைகளை ஒதுக்கவும். வற்றல்களை ஒதுக்க வேண்டாம். சுத்தமான வற்றல் இந்த ஒயினின் சுவையில் ஒரு பங்கு. நொறுங்கும் அளவுக்குக் காய்ந்தவற்றை மட்டும் எடுத்துவிடலாம்.

3. காம்பிலிருந்து பழங்களை உதிர்த்து, தோல் கிழியும் அளவுக்கு நசுக்கவும். விதை உடையக் கூடாது. உடைந்தால் கசப்பு இறங்கும். மிக்ஸி, கிரைண்டர் பக்கமே போகக் கூடாது. சுத்தமாகக் கழுவிய கையே போதும்.

4. 3.5 கிராம் மெட்டாபைசல்ஃபைட்டை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கூழில் பரவலாக ஊற்றிக் கிளறவும். இது 40 லிட்டரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் சல்ஃபர் டை ஆக்சைடு தரும். பழத்தோடு வந்த காட்டு ஈஸ்ட்டும் வினிகர் பாக்டீரியாவும் அடங்கும்.

5. ஹைட்ரோமீட்டரில் சர்க்கரையை அளந்து தேதி, நேரத்தோடு எழுதி வைக்கவும். இது முதல் அளவு மட்டுமே. இதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

*குறிப்பு:* செப்டம்பர் வெயிலில் பழம் சூடாகவே வந்து சேரும். இரண்டு மூன்று தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து, வெளிப்புறத்தைக் கழுவி, மூடியோடு கூழுக்குள் அமிழ்த்தினால் மறுநாள் வரை குளுமையாக இருக்கும்.

இரண்டாம் நாள்: மறு அளவு

பிரிக்ஸ் என்பது சாற்றில் உள்ள சர்க்கரையின் அளவு. 100 கிராம் சாற்றில் ஏறக்குறைய எத்தனை கிராம் சர்க்கரை என்று காட்டும். நசுக்கிய உடன் அளக்கும்போது சாறு நிறைந்த பழங்களின் சர்க்கரைதான் கணக்கில் வருகிறது. வற்றலுக்குள் இருக்கும் சர்க்கரை இன்னும் வெளியே வரவில்லை. ஒரு நாள் ஊறிய பிறகே அது கரைந்து இறங்கும். முதல் நாள் 25 காட்டிய கூழ் மறுநாள் 27 காட்டுவது ஜின்ஃபண்டெலில் சாதாரணம். வற்றல் அதிகமானால் ஏற்றமும் அதிகம்.

6. 24 மணி நேரம் கழித்து அடியிலிருந்து நன்றாகக் கிளறி, சாற்றை வடிகட்டி, மறுபடி அளக்கவும். இதுதான் கணக்குக்கு உரிய எண்.

7. பிரிக்ஸ் எண்ணை 0.57ஆல் பெருக்கினால் வரப்போகும் மதுச்சத்து தோராயமாகத் தெரியும். 25 என்றால் 14 சதவீதத்துக்குச் சற்று மேல். 28 என்றால் ஏறக்குறைய 16. வீட்டில் செய்பவருக்கு 24 முதல் 26 வரை வசதியான எல்லை. அதற்கு மேலே போனால் ஈஸ்ட் திணறும்.

8. 27க்கு மேல் இருந்தால் தண்ணீர் சேர்த்துக் குறைக்கலாம். இருக்கும் எண்ணிலிருந்து வேண்டிய எண்ணைக் கழித்து, வேண்டிய எண்ணால் வகுத்து, சாற்றின் அளவால் பெருக்கவும். 30 லிட்டர் சாறு, இருப்பது 28, வேண்டியது 25 என்றால் சுமார் 3.5 லிட்டர். குளோரின் இல்லாத தண்ணீராக இருக்க வேண்டும். லிட்டருக்கு 6 கிராம் டார்டாரிக் அமிலம் கலந்து சேர்த்தால் புளிப்பு நீர்த்துப்போகாது. முதலில் பாதி ஊற்றிக் கிளறி, அளந்து பார்த்து, பிறகு மீதி.

9. அதன் பிறகு பி.எச். பார்க்கவும். 3.4 முதல் 3.6 வரை நல்லது. கூடுதலாக இருந்தால் லிட்டருக்கு 1 கிராம் டார்டாரிக் அமிலம் சேர்க்கவும், பெரும்பாலும் 0.1 அளவு இறங்கும். தண்ணீருக்கு முன்னால் அமிலத்தைச் சரிசெய்தால் இரண்டு வேலை ஆகும்.

ஈஸ்ட் இடுதல்

10. 10 கிராம் உலர் ஈஸ்ட்டை 40 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான 100 மில்லி தண்ணீரில் தூவி 20 நிமிடம் விடவும். நுரைத்து எழும். பிறகு கூழிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாறு எடுத்து அதில் விட்டு, இரண்டுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு 10 டிகிரிக்குள் வந்ததும் தொட்டியில் ஊற்றவும். சுடுதண்ணீரில் எழுந்த ஈஸ்ட்டை நேரே குளிர்ந்த கூழில் கொட்டினால் பெரும்பகுதி செத்துவிடும்.

ஈஸ்ட் பொட்டலத்தில் எவ்வளவு மதுச்சத்தைத் தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். இந்தத் திராட்சைக்கு 16 சதவீதமாவது தாங்கும் வகையே வேண்டும். எளிதில் கிடைக்கும் இ.சி. 1118 வகை 18 வரை போகும்.

11. தொட்டியை இறுக மூடக் கூடாது. மெல்லிய துணியைக் கட்டினால் போதும். ஈ உள்ளே போகாது, வாயு வெளியே வரும்.

12. ஒரு நாளுக்குள் தோல்கள் மேலே எழுந்து தடித்த அடுக்காக மிதக்கும். நாளுக்கு மூன்று முறை அதைக் கீழே அமுக்கிச் சாற்றில் நனைக்கவும். நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. காய்ந்த தோலில் வினிகர் பாக்டீரியாவும் குடியேறும்.

13. வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை இருக்கட்டும். 32ஐத் தாண்டினால் உறைந்த பாட்டில்களை மறுபடி இறக்கவும்.

14. சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் (25இல் தொடங்கியது 17 அளவுக்கு வந்ததும்) ஈஸ்ட் ஊட்டச்சத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவுக்குச் சேர்க்கவும். தூளாகக் கொட்டினால் கூழ் பொங்கி வழியும். கரைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

பாதியில் நின்றால்

ஜின்ஃபண்டெல் செய்பவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்: சர்க்கரை மீதம் இருக்கும்போதே நொதித்தல் நின்றுவிடுவது. இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் நாபா பள்ளத்தாக்கின் சட்டர் ஹோம் ஒயின் நிறுவனம். சிவப்பு ஒயினை அடர்த்தியாக்க, நசுக்கிய உடனேயே கொஞ்சம் வெளிர்ச் சாற்றை வடித்தெடுத்துத் தனியாக ஒயின் செய்துவந்தார் அங்கே ஒயின் தயாரித்த பாப் ட்ரின்செரோ. 1975இல் அந்தச் சாறு நொதிப்பது பாதியில் நின்றது. சுமார் 2 சதவீதச் சர்க்கரை மிஞ்சியது. இளஞ்சிவப்பு நிறத்தில், இனிப்போடு இருந்த அதை அப்படியே விற்பனைக்கு அனுப்பினார். அமெரிக்கர்கள் 'வெள்ளை ஜின்ஃபண்டெல்' என்று விரும்பிக் குடித்த ஒயின் அப்படிப் பிறந்தது. வாங்குவார் இல்லாமல் பிடுங்கப்பட்டிருக்கக்கூடிய பல பழைய கொடிகள் அந்த விற்பனையால் பிழைத்தன.

தொழிற்சாலையில் நுண்வடிகட்டியும் கட்டுப்பாடும் உண்டு. வீட்டில் அவை இல்லாததால், மீதச் சர்க்கரையோடு ஒயினைப் பாட்டிலில் அடைப்பது ஆபத்து. நின்றுபோனால் இந்த வரிசையில் போகவும்:

- இரண்டு நாள் தொடர்ந்து அளந்து, எண் உண்மையிலேயே நகரவில்லை என்று உறுதிசெய்யவும்.
- குளிரா என்று பார்க்கவும். 24 டிகிரிக்குக் கொண்டுவந்து, அடி வண்டலை மெல்லக் கிளறவும். பல சமயம் இதிலேயே மறுபடி கிளம்பும்.
- கிளம்பாவிட்டால் மதுச்சத்து தாங்கும் புதிய ஈஸ்ட்டைத் தனிப் பாத்திரத்தில் எழுப்பவும். நின்ற ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஈஸ்ட்டில் ஊற்றிப் பழக்கவும். ஈஸ்ட்டைத் தூக்கி ஒயினில் போட்டால் மதுச்சத்தின் அதிர்ச்சியில் மடிந்துவிடும்.

பிழிவதும் முதிர விடுவதும்

15. ஹைட்ரோமீட்டர் 0க்குக் கீழே இறங்கியதும் பிழியவும். 7 முதல் 10 நாளில் வரும். தண்ணீரை விட மதுச்சத்து லேசானதால் சர்க்கரை தீர்ந்த ஒயின் மைனஸ் 1 அல்லது அதற்கும் கீழே காட்டும். முதலில் தானாக வடிவதை எடுத்துவிட்டு, சக்கையைக் கூடையில் இட்டு நிதானமாக அழுத்தவும். வழிந்து வருவதை அவ்வப்போது நாக்கில் வைத்துப் பார்த்து, கசப்பு தட்டும்போது நிறுத்திவிடவும். செங்காயின் துவர்ப்பு கடைசிப் பிழிவில்தான் வரும்.

16. கார்பாயிலும் ஜாடியிலும் நிரப்பி ஏர்லாக் பொருத்தவும். இரண்டு நாளில் அடியில் தடித்த வண்டல் படியும். அதை விட்டுவிட்டு மேல் ஒயினைச் சைஃபன் குழாயால் வேறு பாத்திரத்துக்கு மாற்றவும்.

17. மாலோலாக்டிக் பாக்டீரியாவை இடவும். காய்களிலிருந்து வந்த கூர்மையான மாலிக் அமிலத்தை அது மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். அறை வெப்பம் 20 டிகிரி அளவில் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். முடியும்வரை சல்ஃபைட் சேர்க்கக் கூடாது. மதுச்சத்து 15ஐத் தாண்டிய ஒயினில் இந்தப் பாக்டீரியா சோர்ந்துவிடும். இரண்டாம் நாள் தண்ணீர் கணக்கைச் சரியாகப் போட்டவருக்கு இங்கே சிரமம் இருக்காது.

18. காகிதக் குரோமட்டோகிராஃபி சோதனையில் மாலிக் அமிலம் தீர்ந்தது தெரிந்ததும் மறுபடி வண்டல் பிரித்து, 23 லிட்டருக்கு 2 கிராம் மெட்டாபைசல்ஃபைட் கரைத்துச் சேர்க்கவும். பாத்திரம் கழுத்துவரை நிறைந்திருக்க வேண்டும். குறைந்த இடத்தைச் சிறு ஜாடியில் இருப்பதைக் கொண்டு நிரப்பவும்.

19. வறுத்த ஓக் துண்டுகள் 50 கிராம் போட்டு இரண்டு மாதம் விடலாம். இந்தத் திராட்சையின் பழ வாசம் அதிக மரத்தில் அமுங்கிவிடும். மாதம் ஒருமுறை சுவைத்துப் பார்த்து, போதும் என்று தோன்றியதும் ஒயினை மாற்றிவிடவும்.

20. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வண்டல் பிரித்து, 9 முதல் 12 மாதத்தில் பாட்டிலில் அடைக்கவும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

*ஒரே ஒருமுறை அளப்பது.* முதல் நாள் எண்ணை நம்பி இறங்கியவர்களுக்கு 16 சதவீத ஒயினும் நின்றுபோன நொதித்தலும்தான் மிச்சம்.

*ரிஃப்ராக்டோமீட்டரைக் கடைசிவரை நம்புவது.* ஒளி விலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் இந்தக் கருவி பழத்தில் சரியாகக் காட்டும். மதுச்சத்து உருவான பிறகு தவறான எண் தரும். அப்போது ஹைட்ரோமீட்டர் மட்டுமே.

*அழுகிய முட்டை வாடையைப் பொருட்படுத்தாமல் விடுவது.* ஈஸ்ட்டுக்கு ஊட்டம் போதவில்லை என்று பொருள். நொதிக்கும் கட்டத்தில் ஊட்டச்சத்து சேர்த்து நன்றாகக் கிளறவும். பிழிந்த பிறகு வந்தால், காற்றுப் படும்படி ஒருமுறை வேறு பாத்திரத்துக்கு மாற்றவும். நாள் கடந்தால் வாடை நிலைத்துவிடும்.

*கார்பாயில் காலி இடம் விடுவது.* மேலே காற்று நின்றால் சில வாரத்தில் வினிகர் வாடை வரும். வந்துவிட்டால் மீட்க வழியில்லை.

பாதுகாப்பு

- நொதிக்கும் கூழ் கரியமில வாயுவைத் தொடர்ந்து வெளியிடும். அது காற்றை விடக் கனமானது, தரைமட்டத்தில் தேங்கும். கராஜில் செய்தால் அதன் கதவு திறந்திருக்க வேண்டும். தொட்டிக்குள் தலையை நீட்டி முகர்ந்து பார்க்கக் கூடாது. நிலவறையில் நொதிக்க விட வேண்டாம்.
- மெட்டாபைசல்ஃபைட் தூளை மூச்சில் இழுத்தால் தொண்டை எரியும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைக் கையாளக் கூடாது. அவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கும் முன் சல்ஃபைட் சேர்த்த விவரத்தைச் சொல்லிவிடவும்.
- நிறைந்த 19 லிட்டர் கண்ணாடிக் கார்பாய் 25 கிலோவைத் தாண்டும். ஈரக் கையோடு தூக்குவதும் கழுத்தைப் பிடித்துத் தூக்குவதும் கூடாது. உடைந்தால் நரம்பு அறுபடும் அளவுக்குக் காயம் ஏற்படும். பிளாஸ்டிக் கூடையில் வைத்து இருவராகத் தூக்கவும்.
- திராட்சை நாய்க்கு விஷம், சிறுநீரகத்தைப் பாதிக்கும். நாய் உள்ள வீட்டில் பழம், கூழ், சக்கை எதுவும் எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. சக்கையைத் தோட்டத்து மூலையில் கொட்டுவதானால் மண்ணைக் கிளறி ஆழப் புதைக்கவும்.
- சர்க்கரை மீதமுள்ள ஒயின் பாட்டிலுக்குள் மறுபடி நொதித்தால் தக்கை தெறிக்கும், பாட்டில் வெடிக்கும். அடைக்கும் முன் மீதச் சர்க்கரைச் சோதனை கட்டாயம்.

ஒப்பிட்டுச் சுவைக்க

பாட்டிலில் அடைக்கும் முன் கடையில் மூன்று ஒயின் வாங்கித் தன் ஒயினோடு வைத்துச் சுவைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. லோடை ஒயின் ஒன்று: அதில் பழுத்த பெர்ரிப் பழங்களின் இனிய வாசமும் மென்மையும் தெரியும். சொனோமாவின் ட்ரை கிரீக் பள்ளத்தாக்கு ஒயின் ஒன்று: அதில் மிளகுக் காரமும் இறுக்கமும் கூடும். புல்யாவின் மண்டூரியா பகுதி ப்ரிமிடீவோ ஒன்று. ரிட்ஜ் நிறுவனத்தின் கைசர்வில் ஒயின் கிடைத்தால் கட்டாயம் சேர்த்துக்கொள்ளலாம். 1966 முதல் வரும் அது, ஜின்ஃபண்டெலோடு வேறு ரகங்களும் கலந்து நட்ட பழைய தோட்டத்தின் ஒயின். 'பழங்கொடி' என்று சீட்டில் போட அமெரிக்காவில் சட்ட வரையறை இல்லை. அந்தச் சொல்லுக்காக மட்டும் கூடுதல் விலை தர வேண்டாம்.

16 முதல் 18 டிகிரி வெப்பத்தில் ஊற்றவும். அதற்கு மேல் போனால் மதுச்சத்து மூக்கில் ஏறிப் பழ வாசத்தை மறைத்துவிடும். மதுச்சத்து மிளகாயின் எரிச்சலைக் கூட்டும் என்பதால், நெய்யில் சுருள வறுத்த மட்டனோ அனலில் சுட்ட இறைச்சியோ இதற்குப் பொருந்தும் அளவுக்குக் காரக் குழம்பு பொருந்தாது.

அடைக்கும் நாள்

21. மெட்டாபைசல்ஃபைட் 1.2 கிராம் கரைத்துச் சேர்த்து, கழுவி உலர்த்திய பாட்டில்களில் சைஃபன் குழாயின் நுனி அடியைத் தொடும்படி வைத்து நிரப்பவும். தெறித்து விழக் கூடாது.

22. தக்கை அடித்து மூன்று நாள் நிமிர்த்தி வைத்த பிறகு படுக்க வைக்கவும்.

23. ஒவ்வொரு பாட்டிலிலும் சீட்டு ஒட்டவும்: தோட்டம், பறித்த தேதி, முதல் நாள் பிரிக்ஸ், இரண்டாம் நாள் பிரிக்ஸ், சேர்த்த தண்ணீர், மதுச்சத்து. மூன்று மாதம் கழித்து முதல் பாட்டிலைத் திறக்கலாம். அடுத்த செப்டம்பரில் அதே தோட்டத்துக்குப் போகும்போது அந்தச் சீட்டின் நகல் கையில் இருந்தால், எத்தனை வற்றல் உள்ள குலை எவ்வளவு சர்க்கரை ஏற்றும் என்று கொடி முன்னால் நின்றே கணிக்க முடியும்.